ஒரே மாதத்தில் டிரைவரும் போனார், தலைவரும் போனார்: ஒரு சிறிய ரேஸ் அணியின் ஒரு சீசன்

இதில் வரும் அணிக்கும் ஆட்களுக்கும் பெயர் தரவில்லை. நான் அப்போது அந்த அணியில் இரண்டாவது காரின் இன்ஜினியர், சீசன் பாதியில் முதல் காரும் என் தலையில் விழுந்தது. அதனால் கீழே வரும் தவறுகளில் சில என்னுடையவை, படிக்கும்போது அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னணி

ரேஸ் அணி என்றதும் டிவியில் பார்க்கும் ஃபார்முலா 1 அணியை நினைக்க வேண்டாம். அங்கே ஒரு அணிக்கு நூற்றுக்கணக்கில், சில அணிகளில் ஆயிரத்துக்கும் மேல் ஆட்கள் வேலை செய்வார்கள். எங்களிடம் மொத்தம் 14 பேர், இரண்டு கார், ஒரு லாரி. அது ஒற்றை இருக்கை கார்கள் ஓடும் ஜூனியர் தொடர். 9 அணிகள், ஒரு சீசனுக்கு 8 ரவுண்டு, ஒவ்வொரு ரவுண்டிலும் இரண்டு ரேஸ். சேஸிஸ் (காரின் உடற்கூடு), இன்ஜின், டயர் எல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதான், இன்ஜினுக்கு சீல் வைத்தே தருவார்கள். நாம் கை வைக்கக்கூடியவை கொஞ்சம்தான்: கார் தரையிலிருந்து எவ்வளவு உயரம், ஸ்பிரிங், ஆன்ட்டி ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் கட்டுப்படுத்தும் கம்பி, சுருக்கமாக பார்), சக்கரங்களின் சாய்வு, இறக்கையின் கோணம், டயர் காற்று, பிரேக் விசை முன்னுக்கு எவ்வளவு பின்னுக்கு எவ்வளவு என்பது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் எல்லோருக்கும் ஒரே கார் என்கிற இடத்தில் அந்தச் சின்னச் சின்ன மில்லிமீட்டர்களில்தான் முழுச் சண்டையும் நடக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மட்டத்தில் அணி டிரைவருக்குச் சம்பளம் கொடுப்பதில்லை, டிரைவர்தான் தன் ஸ்பான்சர் பணத்தோடு வந்து இருக்கையை வாங்குகிறார். ஒரு டிரைவர் போனால் வேகம் மட்டும் போகாது, வரவு செலவில் பெரிய ஓட்டை விழும்.

முந்தைய சீசனில் அணிகள் பட்டியலில் இரண்டாவது இடம் எங்களுக்கு. அதில் முக்கால்வாசிப் புள்ளிகள் மூன்று வருடமாக எங்களோடு இருந்த ஒரே டிரைவர் எடுத்தவை. சீசன் முடிந்ததும் அவர் அதே தொடரில் இன்னும் வசதியான ஒரு அணிக்குப் போய்விட்டார். அது கொஞ்சம் எதிர்பார்த்ததுதான். 19 நாள் கழித்து அணியைத் தொடங்கியவரே விலகினார், அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் ஏற்கெனவே பெரும்பங்கை ஒரு முதலீட்டாளருக்கு விற்றிருந்தார், அடுத்த வருட செலவுத் திட்டத்தில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒர்க்ஷாப்புக்கு வந்து எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு, தன் மடக்கு நாற்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பிட் என்பது டிராக் ஓரம் காரை நிறுத்தி வேலை பார்க்கும் இடம், அங்கே சுவருக்குப் பின்னால் எப்போதும் அவர் போட்டு உட்காரும் நாற்காலி அது. அதோடு எதெல்லாம் போகிறது என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

புதிய தலைவர் பெரிய தொடர் ஒன்றில் ரேஸ் உத்திகளைக் கவனித்தவர். புத்திசாலி, நேர்மையானவர், கடின உழைப்பாளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வருவதைப் படித்தால் அவர்தான் வில்லன் என்று தோன்றும். அவர் பழகியிருந்தது அறுபது பேர் வேலை செய்யும் இடத்தில், அவ்வளவுதான் விஷயம்.

டிரைவர்களும் இருவரும் புதியவர்கள். முதல் காருக்கு இதே தொடரில் இரண்டு வருடம் ஓட்டிய ஒருவர். இரண்டாவது காருக்கு 19 வயதுப் பையன், கீழ் மட்டத்திலிருந்து நேராக வந்தவன், குடும்ப நண்பர் ஒருவரின் நிறுவனம் பணம் போடுகிறது.

முதல் டெஸ்டில் பார்த்தது

சீசனுக்கு முந்தைய டெஸ்ட் எங்களுக்கு நன்றாகப் பழகிய டிராக்கில் நடந்தது. முந்தைய வருடத்தின் கடைசி செட்டப்பை, அதாவது மேலே சொன்ன உயரம், ஸ்பிரிங், கோணம் எல்லாவற்றின் அளவுகளையும், அப்படியே காரில் போட்டு இறக்கினோம், ஜெயித்த கார் ஆயிற்றே. அன்று மாலை பார்த்தால், முந்தைய வருடம் அதே டிராக்கில் எங்கள் பழைய டிரைவர் ஓட்டிய நேரத்தைவிட முதல் கார் 0.7 நொடி பின்னால். இரண்டாவது கார் அதற்கும் பின்னால், பையன் ஒரே நாளில் மூன்று முறை கட்டுப்பாடு இழந்து காரோடு சுற்றிவிட்டான்.

முதல் கார் டிரைவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "பின்பக்கத்தை நம்ப முடியல." அவருடைய டேட்டா வரைபடத்தை எடுத்து பழைய டிரைவரின் வரைபடத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். வேகமான வளைவுகளில் இவர் பத்து மீட்டர் முன்னாலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். மெதுவான வளைவுகளில் பிரேக்கைச் சட்டென்று விட்டுவிடுகிறார். பழையவரோ ஓங்கி மிதித்து, அப்புறம் வளைவின் நடுப்பகுதி வரை மெல்ல மெல்ல விடுவார். அந்த நேரம் முழுக்க எடை முன்சக்கரத்தில் இருக்கும், பின்பக்கம் லேசாக வழுக்கி கார் தானே திரும்பிக்கொள்ளும். அப்படி ஓட்டுபவருக்கு வழுக்குகிற பின்பக்கம் ஒரு கருவி, மற்றவர்களுக்கு அது பயம்.

இதை நான் அன்றைக்கே பார்த்தேன், ஆனால் புரிந்துகொள்ளவில்லை. "புது டிரைவர், பழக நேரம் ஆகும், தன்னம்பிக்கை குறைவு" என்றுதான் என் அறிக்கையில் எழுதினேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, இப்போது படித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஃபார்முலா 1 பார்ப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ரெட் புல் அணியில் நட்சத்திர டிரைவர் வெர்ஸ்டாப்பனுக்குப் பக்கத்து இருக்கை, அதாவது அணியின் இரண்டாவது கார், என்ன ஆனது என்று பாருங்கள். 2019-ல் காஸ்லியை சீசன் பாதியில் எடுத்தார்கள், 2020 முடிந்ததும் ஆல்பன் போனார், 2024 முடிந்ததும் பெரெஸ் போனார், 2025-ல் லாசனுக்கு இரண்டே ரேஸ்தான் கிடைத்தன. இத்தனை பேரும் ஓட்டத் தெரியாதவர்களா? காஸ்லி அங்கிருந்து இறக்கப்பட்ட அடுத்த வருடமே சின்ன அணியில் இத்தாலியின் மோன்ஸா டிராக்கில் ஜெயித்தார். முன்பக்கம் கத்தி மாதிரி கூர்மையாகத் திரும்ப வேண்டும், பின்பக்கம் எப்படியோ போகட்டும் என்று ஓட்டும் ஒரு அசாத்திய டிரைவரின் பின்னாலேயே கார் போய்க்கொண்டிருந்தால், பக்கத்து இருக்கை வருடா வருடம் குறுகிக்கொண்டே போகும். எங்கள் கதையில் ஒரே வித்தியாசம், அந்த அசாத்திய டிரைவர் எங்களைவிட்டுப் போய்விட்டார், அவருடைய காரை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டு.

முதல் இரண்டு முடிவுகள்

டெஸ்ட் முடிந்த வாரம் புதிய தலைவர் இரண்டு முடிவுகள் எடுத்தார்.

ஒன்று, முதல் மூன்று ரவுண்டுகளுக்கு அடிப்படை செட்டப்பைத் தொடக் கூடாது, டிரைவர்கள்தான் காருக்குப் பழக வேண்டும். சிமுலேட்டரில் கூடுதல் நேரம், பழைய டிரைவரின் காரிலேயே பொருத்திய கேமரா எடுத்த ஆன்போர்டு வீடியோக்கள் என்று திட்டம் போட்டார். காரணம் நியாயமானதுதான். ஆள், தலைமை, கார் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது எதனால் நடக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது, ஒன்றையாவது நிலையாக வைப்போம் என்றார். முதலீட்டாளருக்கும் அந்த வாதம் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது, கூட்டத்தில் நான் ஆமாம் என்றுதான் சொன்னேன். நிலையாக வைக்க நாங்கள் தேர்ந்தெடுத்த பொருள் நிலையான பொருளே இல்லை என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

இரண்டாவது, எந்த செட்டப் மாற்றமும் தலைவரின் ஒப்புதல் இல்லாமல் நடக்கக் கூடாது. பழைய தலைவர் காலத்தில் இப்படி எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது. அவர் பிட்டில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், நாம் போய்ச் சொன்னால் தலையாட்டுவார் அல்லது ஆட்டமாட்டார், முடிந்தது. புதியவர் வரும்போது அணியில் யார் எதை முடிவு செய்வது என்று ஒரு தாளில்கூட இல்லை. அதைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

முதல் மூன்று ரவுண்டுகள்

முடிவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டி எழுத எதுவும் இல்லை. ஆறு ரேஸில் எங்கள் சிறந்த இடம் ஏழாவது. இரண்டாவது கார் மூன்று ரேஸை முடிக்கவே இல்லை.

ஒரு காட்சியை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது ரவுண்டு, 45 நிமிடப் பயிற்சி நேரம். முதல் கார் உள்ளே வருகிறது, டிரைவர் பின்பக்க பாரை ஒரு படி தளர்த்தச் சொல்கிறார். அது இரண்டு நிமிட வேலை. மெக்கானிக் ஸ்பேனரோடு காருக்குப் பின்னால் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் காரின் இன்ஜினியர் ரேடியோவில் தலைவரைக் கூப்பிடுகிறார், பதில் இல்லை. தலைவர் அப்போது மேலே ஒரு ஸ்பான்சர் விருந்தாளியோடு இருந்தார், காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். மெக்கானிக் இன்ஜினியரைப் பார்க்கிறார், இன்ஜினியர் மாடிப்படியைப் பார்க்கிறார், டிரைவர் ஹெல்மெட்டுக்குள் முன்னால் பார்த்துக்கொண்டே இருக்கிறார், ஸ்டீயரிங்கில் ஒரு விரல் மட்டும் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஆறு நிமிடம் போனது. ஒப்புதல் வந்து, மாற்றி, கார் பிட் லேன் முனையை எட்டியபோது வேறு யாரோ மணலில் மாட்டி சிவப்புக் கொடி. அந்தப் பயிற்சி அதோடு முடிந்தது. மாற்றம் நல்லதா கெட்டதா என்று தெரியாமலேயே தகுதிச் சுற்றுக்குப் போனோம்.

அன்று இரவு காரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தலைமை மெக்கானிக் என்னிடம், "தம்பி, இந்த வருஷத்தோட நான் போதும்னு நினைக்கிறேன்" என்றார். அணி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர் அவர். டிரைவர் போனதற்கும் தலைவர் போனதற்கும் வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது.

இரண்டாவது கார் பையன் கதை இன்னும் வருத்தம். சொன்னபடி கேட்கிற பையன். பழைய டிரைவரின் வீடியோக்களை இரவெல்லாம் பார்த்து, அதே இடத்தில் பிரேக், அதே இடத்தில் திருப்பம் என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தான். பிரேக் எங்கே மிதிக்கிறார் என்பது வீடியோவில் தெரியும், அதை எப்படி விடுகிறார் என்பது தெரியாது. நுழைந்த வேகம் பழையவருடையது, கால் இவனுடையது. சுற்றினான். ஒவ்வொரு முறை சுற்றியதும் ரேடியோவில் "சாரி சார்" என்று சொல்வான். மூன்றாவது ரவுண்டில் அதையும் நிறுத்திவிட்டான்.

தரையில் விரித்த 24 தாள்கள்

மூன்றாவது ரவுண்டுக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஐந்து வார இடைவெளி. முதல் காரின் இன்ஜினியர் அந்த நேரம் பார்த்து வேறு வேலைக்குப் போனார், இரண்டு காரும் என் பொறுப்பில் வந்தன. அவர் விட்டுப்போன கோப்புகளைப் படிக்க உட்கார்ந்ததில்தான் விஷயம் வெளியே வந்தது. திட்டமிட்டுத் தேடினேன் என்று சொன்னால் அது பொய்.

மூன்று வருடம், 24 ரவுண்டு, முதல் காரின் 24 கடைசி செட்டப் தாள்கள். அத்தனையையும் அச்செடுத்து ஒர்க்ஷாப் தரையில் வரிசையாக விரித்தேன். ஒவ்வொரு தாளாகப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, அங்கே ஒரு மில்லிமீட்டர், இங்கே ஒரு படி. நின்றுகொண்டு மொத்தமாகப் பார்த்தால் கார் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போயிருப்பது தெரிந்தது. பின்பக்க உயரம் மூன்று வருடத்தில் 6 மில்லிமீட்டர் ஏறியிருந்தது. பின்பக்க பார் இரண்டு படி இறுகியிருந்தது. பிரேக் விசையில் பின்பக்கத்தின் பங்கு கூடியிருந்தது. மூன்றுமே பின்பக்கத்தை லேசாக்குகிற மாற்றங்கள். சேஸிஸ் தயாரிப்பாளர் தந்த அடிப்படை செட்டப்பிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டோம், ஒருநாள்கூட "தூரமாகப் போவோம்" என்று யாரும் முடிவெடுக்காமலே.

இதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. எல்லாத் தாளிலும் "காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. 24 தாளில் 5-ல்தான் அதில் ஏதாவது எழுதியிருந்தது. அந்த ஐந்தில் ஒன்றில் "முன்பக்கம் தூங்குது" என்று மட்டும். பழைய டிரைவரின் வழக்கமான சொல் அது, முன்பக்கம் சட்டென்று திரும்பவில்லை என்று அர்த்தம். அவர் அப்படிச் சொன்னால் பழைய தலைவர் சிரித்துவிட்டு, எந்த வளைவில், நுழையும்போதா நடுவிலா என்று இரண்டே கேள்வி கேட்பார், எண்ணைச் சொல்வார், மெக்கானிக் மாற்றுவார். அந்த இரண்டு கேள்வியும் எங்கேயும் பதிவாகவில்லை. அணியின் அறிவு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் இரண்டு பேர் நடுவில் ஓடிய ஒரு பேச்சுவார்த்தை. இருவரும் ஒரே மாதத்தில் போனதும் எங்களிடம் எண்கள் மட்டும் மிஞ்சின. ஒருவராவது இருந்திருந்தால் பாதிக் கதையாவது கிடைத்திருக்கும்.

தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து, ஒவ்வொரு தாளாக நடந்து பார்த்தார். தலைமை மெக்கானிக்கும் வந்து நின்றார். ரொம்ப நேரம் கழித்துத் தலைவர் கேட்டார்: "இதை ஏன் யாரும் எனக்கு முதல்லயே சொல்லல?" மெக்கானிக் சொன்னார்: "எங்களுக்கே இப்பதான் சார் தெரியுது."

ஒரு நாள் டெஸ்டும் மூன்றாவது முடிவும்

மீதமிருந்த டெஸ்ட் நாட்களில் ஒன்றை இதற்கே செலவழிப்பது என்று முடிவானது. மூன்று செட்டப்: முந்தைய வருடக் கடைசி, தயாரிப்பாளரின் அடிப்படை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. எது காரில் இருக்கிறது என்று டிரைவர்களுக்குச் சொல்ல மாட்டோம். ஒவ்வொன்றிலும் ஆறு லேப், ஒரே வயதுள்ள பழைய டயர்கள். நேரம் போகப் போக டிராக்கில் ரப்பர் படிந்து எல்லாக் காரும் தானாகவே வேகமாகும், கடைசியில் போட்ட செட்டப் நல்லது போலத் தெரியும். அதனால் ஒரு காருக்கு வரிசையை அப்படியே திருப்பிப் போட்டோம். சின்ன விஷயம்தான், ஆனால் இதைச் செய்யாமல் பல அணிகள் தங்களையே ஏமாற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் கார் டிரைவரின் மிக வேகமான ஒற்றை லேப் பழைய செட்டப்பில்தான் வந்தது. அங்கே நிறுத்தியிருந்தால் தலைவரின் முதல் முடிவு சரி என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். ஆனால் ஆறு லேப் சராசரியை எடுத்தால் அடிப்படை செட்டப் தெளிவாக முன்னால் இருந்தது. பழைய செட்டப்பில் ஒரு லேப் அபாரம், அடுத்தது சொதப்பல், நேரங்கள் சிதறிக் கிடந்தன. பையனுக்கு எப்படிப் பார்த்தாலும் அடிப்படைதான் வேகம்.

எண்களைவிட எனக்கு மறக்காதது வேறொன்று. அடிப்படை செட்டப்பில் முதல் கார் மூன்று லேப் ஓடியும் ரேடியோவில் சத்தமே இல்லை. சீசன் தொடங்கியதிலிருந்து லேப்புக்கு ஒரு புகார் வரும். ரேடியோ கெட்டுவிட்டதா என்று மெக்கானிக் தட்டிப் பார்த்தார். கேட்டால், "நல்லா கேக்குது, ஓட்டிட்டு இருக்கேன்" என்று பதில் வந்தது.

அதன்பின் எடுத்த முடிவுகள் இவை. இரண்டு காரும் தயாரிப்பாளரின் அடிப்படையிலிருந்து புதிதாகத் தொடங்கும், ஒவ்வொன்றும் தன் டிரைவரின் வழியில் போகும். குறிப்பிட்ட எல்லைக்குள் இன்ஜினியரே மாற்றலாம், இறக்கைக் கோணமும் டயர் செலவும் ரேஸ் உத்தியும் மட்டும் தலைவரிடம். "காரணம்" கட்டத்தை நிரப்பாத தாளை மெக்கானிக் வாங்க மாட்டார். இந்தக் கடைசி விதி தலைமை மெக்கானிக்கே கேட்டு வாங்கியது, அதிகாரத்தோடு. விதி வந்த மறு வாரமே என்னுடைய தாள் ஒன்றைத் திருப்பித் தந்தார். போகிறேன் என்ற பேச்சை அதற்கப்புறம் அவர் எடுக்கவில்லை.

தன் விதியைத் தானே தளர்த்துவது புதிய தலைவருக்கு எளிதாக இருந்திருக்காது. முதலீட்டாளரிடம் போய், மூன்று ரவுண்டு வீணானதற்கு என் முடிவும் காரணம் என்று சொன்னார். அவரைப் பற்றி முதலில் சொன்ன நல்ல வார்த்தைகள் இதற்காகத்தான்.

பணம் குறுக்கே வந்தது

நான்காவது, ஐந்தாவது ரவுண்டுகள் நன்றாகவே போயின, முதல் கார் ஒரு ஐந்தாம் இடம், ஒரு நான்காம் இடம். பையனும் சுற்றாமல் ஓட்டத் தொடங்கியிருந்தான், பத்தாவது, எட்டாவது என்று. அப்போதுதான் அவனுடைய ஸ்பான்சர் பணம் நின்றது. இரண்டு தவணை வரவில்லை. ஆறாவது ரவுண்டுக்கு முன் அவன் இருக்கையை விட வேண்டியதாயிற்று.

இங்கே நான் தலைவரோடு மோதினேன். மாற்று டிரைவர்கள் இருவர் இருந்தார்கள். ஒருவர் வேகமானவர், பாதிப் பணம். இன்னொருவர் மெதுவானவர், முழுப் பணம். நான் வேகமானவருக்காக வாதாடினேன். தலைவர் முழுப் பணத்தை எடுத்தார். அவர் காட்டிய கணக்கு எளிது: பாதிப் பணம் என்றால் கடைசி இரண்டு ரவுண்டுக்கு முன் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வந்தவர் முதல் ரேஸிலேயே சுவரில் இடித்து முன்சக்கரப் பகுதியையும் இறக்கையையும் உடைத்தார், அன்று எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்பத் திருப்தி இருந்தது. ஆனால் மாதக் கடைசியில் எல்லோருக்கும் சம்பளம் வந்தது. இப்போதும் அந்த முடிவைத் தவறு என்று என்னால் எழுத முடியவில்லை, பிடிக்கவில்லை என்று மட்டும் எழுதலாம்.

என்ன ஆனது

அணிகள் பட்டியலில் ஐந்தாவதாக முடித்தோம். முந்தைய வருடம் இரண்டாவது. முதல் கார் கடைசி மூன்று ரவுண்டில் இரண்டு முறை முதல் மூன்று இடத்துக்குள் வந்து மேடை ஏறியது, வெற்றி இல்லை. தலைவர் தொடர்ந்தார், தலைமை மெக்கானிக் தொடர்ந்தார், முதல் கார் டிரைவர் அடுத்த வருடத்துக்கும் கையெழுத்துப் போட்டார். பையன் அடுத்த வருடம் வேறு தொடரில் இருக்கை தேடிக்கொண்டிருந்தான், அதற்குமேல் தொடர்பு இல்லை.

எங்கள் பழைய டிரைவருக்கு என்ன ஆனது என்பதும் இந்தக் கதையில் சேரும். வசதியான அணி, நல்ல இன்ஜினியர்கள், இருந்தும் முதல் பாதி முழுக்கத் தடுமாறினார். அந்தக் காரின் பின்பக்கம் அவருக்கு அளவுக்கு மீறி ஒழுங்காக இருந்ததாம். சீசன் முடிவில் எங்கள் முதல் காரைவிடக் கொஞ்சம்தான் மேலே இருந்தார். மேல்மட்டத்திலும் இப்படித்தான்: மெக்லாரனுக்கு வந்த ரிக்கியார்டோ 2021-ல் மோன்ஸாவில் ஜெயித்தும்கூட அந்தக் காரோடு ஒட்டவே முடியாமல் ஒப்பந்தம் முடிய ஒரு வருடம் இருக்கும்போதே பிரிந்தார். 2025-ல் ஃபெராரிக்குப் போன ஏழு முறை சாம்பியன் ஹாமில்டன், சீனாவில் ஸ்பிரிண்ட் என்னும் குட்டி ரேஸ் ஒன்றை ஜெயித்தாலும், அந்த வருடம் ஒரு கிராண்ட் பிரீயில்கூட மேடை ஏறவில்லை.

இப்போது செய்வதானால்

முதலில், தலைவர் விலகிய வாரமே அவரையும் டிரைவரையும் தனித்தனியாக உட்காரவைத்து 24 தாளையும் முன்னால் போட்டு ஏன், ஏன் என்று கேட்டிருப்பேன். இருவருமே சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, டிரைவர் போட்டி அணிக்குப் போனதால் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம், தலைவர் சொல்லியிருப்பார். ஒரு மதியம் போதும். கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த டெஸ்ட் நாளை சீசனுக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும். டிரைவர் மாறினால் ஜெயித்த செட்டப் என்ற ஒன்று கிடையாது என்பது அப்போதே எங்கள் டேட்டாவில் இருந்தது. என் அறிக்கையில்தான் இல்லை.

வெளியிலிருந்து ஒரு அணியின் வாய்ப்பை எடைபோடும்போதும் நான் இப்போது வேறு மாதிரிப் பார்க்கிறேன். யார் டிரைவர், யார் தலைவர் என்பது செய்தியில் வரும். அவர்களுக்குக் கீழே யார் மிஞ்சினார்கள் என்று தேடுவேன். 2022 டிசம்பரில் மெக்லாரன் தலைவரான ஆண்ட்ரியா ஸ்டெல்லா 2015 முதல் அதே அணிக்குள் இருந்தவர். 2023 தொடக்கம் படுமோசம், ஆனால் ஜூலையில் ஆஸ்திரியாவில் காரில் செய்த மாற்றத்தோடு அணி நிமிர்ந்தது, 2024-ல் அணிகள் பட்டமே வந்தது, 1998-க்குப் பிறகு முதல் முறை. அல்பைன் 2023 ஜூலையில் தலைவரோடு சேர்த்து, முப்பது வருடத்துக்கு மேல் அந்தத் தொழிற்சாலையில் இருந்த ஆலன் பெர்மேனையும் அனுப்பியது. அப்புறம் தலைமை மாறிக்கொண்டே இருந்தது, 2025-ல் பட்டியலில் கடைசி. இதனால்தான் அது என்று நான் சொல்ல வரவில்லை, இன்ஜின், பணம் என்று அங்கே வேறு ஆயிரம் இருக்கிறது. ஹோண்டா விலகியதும் பெயர் மாறிய பிரான் அணி 2009-ல் இரண்டு பட்டத்தையும் ஜெயித்ததை எல்லோரும் அதிசயம் என்பார்கள். ஹோண்டா விலகும் முன்பே அந்தக் கார் பல மாதம் வேலை செய்து உருவானது, பட்டனும் பாரிகெல்லோவும் அங்கேயே ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், மாறியது கதவில் இருந்த பெயர்ப் பலகைதான் என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ஆனால் ரொம்ப மிகை இல்லை.

இன்னொன்று, காலம். ஜான் டோட் 1993-ல் ஃபெராரிக்குத் தலைவராக வந்தார், டிரைவர் ஷூமாக்கர் 1996-ல் வந்தார், அணிகள் பட்டம் 1999-லும் டிரைவர் பட்டம் 2000-த்திலும்தான் வந்தன. எங்கள் முதலீட்டாளரிடம் இதை ஒருமுறை சொன்னேன். "ஏழு வருஷம் காத்திருக்க என்கிட்ட ஃபெராரி இல்லையே" என்றார். நியாயமான பதில். அடுத்த சீசனுக்கு ஒரே ஒரு டெஸ்ட் நாளைக் கூடுதலாக எழுதிக் கொடுத்தார். அதைச் செட்டப்புக்கு என்று ஒதுக்கி, தாளில் காரணக் கட்டத்தையும் நிரப்பி, தலைமை மெக்கானிக்கிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.